கூட்டம் நடத்துபவரின் வேலை என்ன? நெறியாளர்களுக்கு ஒரு தொடக்கப் பாடம்

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கக் கூட்டங்களுக்குப் போனவர்களுக்கு இது பழகிய காட்சி. ஆறரைக்கு என்று அழைப்பு. ஆரம்பிக்கும்போது ஏழு பத்து. பார்க்கிங் ஸ்டிக்கர் என்ன நிறம் என்று அரை மணி நேரம் வாக்குவாதம். வாசலில் செருப்பு ஸ்டாண்ட் வைக்கலாமா என்று இன்னும் இருபது நிமிடம். எதற்காகக் கூடினார்களோ அந்தத் தண்ணீர்ப் பிரச்சினைக்கு வரும்போது மணி எட்டே கால். பாதிப் பேர் எழுந்து போயாயிற்று. "சரி, அடுத்த மீட்டிங்ல பாத்துக்கலாம்" என்று கலைகிறார்கள்.

வந்தவர்கள் யாரும் வம்புக்காரர்கள் அல்ல. எதைப் பேசுவது, எந்த வரிசையில், எவ்வளவு நேரம், எப்படி முடிப்பது என்பதைக் கவனிக்க அங்கே ஆள் இல்லை, அவ்வளவுதான். அதைக் கவனிப்பவர்தான் நெறியாளர். சங்கத் தலைவர், செயலாளர் போல இது ஒரு பதவி அல்ல. அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு மட்டும் ஒருவர் ஏற்கும் பொறுப்பு. முடிவு என்னவாக இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு வேலையில்லை. முடிவுக்குப் போகும் வழிதான் அவர் கையில்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். 32 வீடுகள். போர்வெல் வற்றி, லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள். செலவைச் சதுர அடிக் கணக்கில் பிரிக்கிறார்கள். தனியாக இருப்பவர்களும் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனவர்களும் கொதிக்கிறார்கள். வீட்டுக்கு வீடு மீட்டர் வைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். இதை முடிவு செய்யும் கூட்டத்துக்கு 24 பேர் வருகிறார்கள்.

முதலில் யார் நடத்தக் கூடாது என்பது. மீட்டர் வேண்டும் என்று ஆறு மாதமாக வாட்ஸ்அப் குழுவில் எழுதிவருபவர் அந்தப் பொருளுக்கு நெறியாளராக உட்காரக் கூடாது. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், எதிர்த்தரப்பு ஆளுக்கு நேரம் முடிந்தது என்று அவர் சொல்லும்போது அது வேறு மாதிரிதான் காதில் விழும். சின்னச் சங்கங்களில் தலைவரேதான் எல்லாவற்றையும் நடத்த வேண்டியிருக்கும். பரவாயில்லை. தனக்கு அழுத்தமான கருத்து உள்ள அந்த ஒரு பொருளுக்கு மட்டும் நாற்காலியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, மற்றவர்களோடு உட்கார்ந்து பேசட்டும். "ஒரு நிமிஷம், இப்போ நான் தலைவரா இல்லாம வீட்டுக்காரனா பேசறேன்" என்று அதே நாற்காலியில் இருந்தபடி தொப்பி மாற்றுவது நடைமுறையில் எடுபடுவதில்லை.

கூட்டத்துக்கு முன்பே நடக்கும் வேலை

ஒரு கூட்டம் உருப்படுமா என்பது பெரும்பாலும் அஜெண்டாவை எழுதும்போதே தெரிந்துவிடும். "தண்ணீர்" என்று ஒற்றைச் சொல்லை எழுதினால், வருபவர் ஒவ்வொருவரும் வெவ்வேறு கூட்டத்துக்குத் தயாராகி வருவார். ஒருவர் லாரிக்காரர் கணக்கைக் கேட்க வருவார், ஒருவர் போர்வெல்லை ஆழப்படுத்தச் சொல்ல வருவார், ஒருவர் மாடித் தொட்டியைக் கழுவி எத்தனை மாதமாயிற்று என்று கேட்க வருவார். அதையே கேள்வியாக எழுதுங்கள்: "லாரித் தண்ணீர்ச் செலவைச் சதுர அடிக் கணக்கிலேயே தொடர்வதா, வீட்டுக்கு வீடு மீட்டர் வைப்பதா? இன்று முடிவு." முடிந்தபின் பதில் கிடைத்ததா இல்லையா என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும்; அதுதான் நல்ல கேள்விக்கு அடையாளம்.

ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் தகவல், ஆலோசனை, முடிவு என்ற மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். தகவல் என்று குறித்ததில் பெரும்பகுதி கூட்டத்துக்கே வர வேண்டாம். வாட்ஸ்அப்பில் போட்டால் போதும். முடிவு என்று குறித்தது ஒன்றரை மணி நேரத்தில் இரண்டுக்கு மேல் வேண்டாம். மூன்றாவதைச் சேர்த்தால் மூன்றுமே அரைகுறையாக நிற்கும்.

நமது உதாரணக் கூட்டத்தின் தாள் இப்படி இருக்கலாம்:

6.30 – தொடக்கம், பேசும் விதிகள் (5 நிமிடம்)
6.35 – சென்ற கூட்டத்தில் ஏற்ற வேலைகள் என்ன ஆயின (10)
6.45 – தண்ணீர்ச் செலவு: சதுர அடியா, மீட்டரா? முடிவு (45)
7.30 – லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம்: இதே நிறுவனத்தோடு புதுப்பிப்பதா? முடிவு (15)
7.45 – தகவல்: ஸ்டிக்கர், பெயின்டிங் தேதி (5)
7.50 – தீர்மானங்களை வாசித்தல், யார் எப்போது (10)

கனமான பொருள் முதலில் இல்லை, கடைசியிலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தாமதமாக வருபவர்கள் வந்து உட்கார்ந்தபின், மூளை இன்னும் களைக்காத நேரத்தில் அது வருகிறது. ஸ்டிக்கரைக் கீழே தள்ளியதற்கும் காரணம் உண்டு. 1957இல் நார்த்கோட் பார்க்கின்சன் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் ஒரு கற்பனைக் குழுவைக் கேலியாக விவரித்தார். அணு உலைக்குச் சில நிமிடங்களில் ஒப்புதல் கொடுக்கும் அந்தக் குழு, சைக்கிள் கொட்டகையின் கூரையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசும். உலை யாருக்கும் புரியாது. கொட்டகை எல்லாருக்கும் புரியும். ஸ்டிக்கர் நிறம்தான் நமது சைக்கிள் கொட்டகை. அதற்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் இடம் கொடுக்காதீர்கள், அதுவும் முக்கியமானது முடிந்த பிறகு.

மூன்று நாள் முன்னதாக ஒரே ஒரு பக்கம் அனுப்புங்கள்: சென்ற ஆறு மாதம் மாதத்துக்கு எத்தனை லாரி, என்ன செலவு, மீட்டருக்கு வாங்கிய மூன்று கொட்டேஷன், வாக்களிக்கும் உரிமை உரிமையாளருக்கு மட்டுமா, வாடகைக்கு இருப்பவருக்கும் உண்டா என்று சங்க விதி சொல்வது. கடைசியாகச் சொன்னதை முன்கூட்டியே தெளிவாக்காவிட்டால், மாதாமாதம் தண்ணீர்க் காசு கட்டும் வாடகைக்காரர் ஓட்டெடுப்பு நேரத்தில்தான் தனக்கு ஓட்டில்லை என்று தெரிந்துகொள்வார். அந்தக் கோபம் நியாயமானது. கூட்டமும் அத்தோடு முடிந்தது. எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும் என்ற கோரம் எண்ணையும் அதே பக்கத்தில் போடுங்கள்.

பிறகு நான்கு போன். பலமாக ஆதரிப்பவர் ஒருவர், பலமாக எதிர்ப்பவர் ஒருவர், கூட்டத்தில் வாயே திறக்காதவர் இருவர். யாரையும் மாற்றப் பேச வேண்டாம். "உங்களுக்கு இதில் என்ன கவலை?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும். தன் கவலையை ஏற்கெனவே ஒருவர் கேட்டுக்கொண்டார் என்று தெரிந்தவர் கூட்டத்தில் குரலை உயர்த்துவது குறைவு.

நாற்காலி, சார்ட், கடிகாரம்

மேடையைப் பார்த்து வரிசை வரிசையாக நாற்காலி போட்டால் கூட்டம் மேடையோடு மட்டுமே பேசும், ஒருவரையொருவர் பார்க்காது. லாட வடிவில் போடுங்கள். திறந்த பக்கத்தில் ஒரு சார்ட் பேப்பரும் தடித்த மார்க்கரும். பின்வரிசைக்குத் தெரிகிற அளவு எழுத்து. பக்கத்தில் இன்னொரு சார்ட்டில் "பிறகு பேச" என்று தலைப்பெழுதிக் காலியாக விடுங்கள். குறிப்பெழுதவும் நேரம் பார்க்கவும் வேறு இருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நடத்துபவரே குறிப்பும் எழுதினால் இரண்டும் கெடும், ஏனென்றால் எழுதக் குனிந்த நேரத்தில்தான் யாரோ கையைத் தூக்கி, நீங்கள் பார்க்காததால் இறக்கியிருப்பார்.

ஆறரை என்றால் ஆறரை. வந்த பத்துப் பேரோடு ஆரம்பித்துவிடுங்கள். நேரத்துக்கு வந்தவரைக் காக்கவைத்து, தாமதித்தவருக்கு மரியாதை செய்யும் சங்கத்தில் அடுத்த முறை எல்லாரும் தாமதமாகத்தான் வருவார்கள். முதல் கால் மணி நேரத்தில் பெரிய முடிவு எதுவும் இல்லாததால் பின்னால் வருபவருக்கும் நஷ்டமில்லை.

விதிகள் மூன்று போதும்: ஒரு நேரத்தில் ஒருவர், ஒரு முறைக்கு இரண்டு நிமிடம், எல்லாரும் ஒரு தடவை பேசும்வரை யாருக்கும் இரண்டாம் தடவை இல்லை. வாசித்துவிட்டு "எல்லாருக்கும் சம்மதமா?" என்று கேட்டுத் தலையசைப்பு வாங்குங்கள். அரை மணி நேரம் கழித்து ஒருவரை நிறுத்தும்போது அது உங்கள் அதிகாரமாக இருக்காது. அவரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட விதியாக இருக்கும்.

யார் முதலில் பேசுவது

புதிதாக நடத்துபவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். "சரி, யார் ஆரம்பிக்கிறீங்க?" என்று பொதுவாகக் கேட்டால் எப்போதும் அதே மூன்று பேர்தான் ஆரம்பிப்பார்கள். நம் ஊரில் கூடுதலாக ஒன்று உண்டு. ஓய்வுபெற்ற அதிகாரியோ, குடியிருப்பிலேயே மூத்தவரோ முதலில் பேசிவிட்டால், மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அதை அப்படியே விழுங்கிக்கொள்வார்கள். பெரியவர் சொன்னதற்கு எதிராகப் பேசுவது மரியாதையில்லை என்ற எண்ணம் வேறு. 1951இல் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லி ஒரு சோதனை நடத்தினார். முன்னால் பேசியவர்கள் எல்லாரும் திட்டமிட்டுத் தவறான பதிலைச் சொன்னார்கள். கண்ணுக்குத் தெரிந்த கோட்டு நீளத்திலேயே, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பதில்கள் கூட்டத்தோடு ஒத்துப் போயின. ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னால் போதும், அப்படி ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்தது. அந்த முதல் மாற்றுக் குரல் வெளியே வர வழிசெய்வது நெறியாளரின் வேலை.

அதற்கு எளிய வழி, பேசுவதற்கு முன் எழுதவைப்பது. தகவலை ஐந்து நிமிடத்தில் சொன்னபின், ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுத்து மூன்று நிமிட மௌனம். "மீட்டர் வைத்தால் எனக்கு என்ன நல்லது, என்ன கஷ்டம்?" என்று எழுதச் சொல்லுங்கள். முதல் நிமிடம் சங்கடமாக இருக்கும். சிலர் சிரிப்பார்கள், ஒருவர் போனை எடுப்பார். நீங்கள் பேசி அந்த மௌனத்தைக் கலைத்துவிடாதீர்கள். 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு சோதனையில், நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து யோசனை சொன்னதைவிட, தனித்தனியே யோசித்த நான்கு பேரின் பட்டியலைச் சேர்த்தபோது கூடுதல் யோசனைகள் இருந்தன. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் தன் யோசனை மறந்துபோகும், அல்லது சொல்லத் தேவையில்லை என்று தோன்றிவிடும்.

அடுத்து நான்கு நான்கு பேராக ஆறு குழு. எட்டு நிமிடம் பேசட்டும். 24 பேரும் ஆளுக்கு ஒரு நிமிடம் பொதுவில் பேசினாலே 24 நிமிடம் போய்விடும். ஆறு குழு ஆளுக்கு ஒரு நிமிடம் சொன்னால் ஆறு நிமிடம்தான். சொல்ல வருபவர் குழுவிலேயே இளையவராக இருக்கட்டும். பெரியவரிடம் முன்பே போய், "சார், எல்லாரும் பேசினதுக்கு அப்புறம் நீங்க கடைசியா சொன்னா நல்லா இருக்கும்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைசிச் சொல் தனக்கு என்பதில் அவருக்கும் மகிழ்ச்சிதான்.

குழுக்கள் சொல்லி முடித்ததும் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: "இதுவரை யாரும் சொல்லாத, உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம் ஏதாவது இருக்கா?" கூட்டங்கள் எல்லாருக்கும் தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசும், ஒருவருக்கு மட்டும் தெரிந்தது அடியில் தங்கிவிடும். இதை 1985இல் ஸ்டாசர், டைட்டஸ் என்ற இருவர் சோதித்துக் காட்டினார்கள். நமது கூட்டத்தில் அந்த ஒருவர், சமீபத்தில் பாத்ரூமை இடித்துக் கட்டிய மூன்றாம் மாடி அம்மா. "எங்க வீட்டுக்குத் தண்ணி ஒரே பைப்ல வரலைங்க. கிச்சனுக்கு ஒண்ணு, ரெண்டு பாத்ரூமுக்கும் தனித்தனியா ரெண்டு." பழைய கட்டடங்கள் பலவற்றில் மாடித் தொட்டியிலிருந்து இப்படித்தான் குழாய்கள் இறங்கும். அப்படியானால் வீட்டுக்கு ஒரு மீட்டர் போதாது, மூன்று வேண்டும். கொட்டேஷன் மூன்று மடங்காகும். எழுபது நிமிட வாதத்தில் வராத உண்மை இந்த ஒரு கேள்வியில் வந்துவிடும்.

பேச்சு தடம் மாறும்போது

ஒருவர் சொன்னதையே சொல்கிறார் என்றால், பெரும்பாலும் தான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை என்று நினைக்கிறார். "அதான் சொல்லிட்டீங்களே சார்" என்றால் நான்காவது முறையும் சொல்வார். சார்ட்டில் அவர் கருத்தை அவர் சொற்களிலேயே எழுதி, "நீங்க சொல்றது இதுதானே, சரியா எழுதியிருக்கேனா?" என்று கேளுங்கள். திருத்தம் சொன்னால் திருத்துங்கள். அடுத்த முறை அவர் ஆரம்பிக்கும்போது விரலால் அந்த வரியைக் காட்டினாலே போதும்.

பொருளை விட்டு வெளியே போவது: "தொட்டி கழுவறதே இல்லை, அதை முதல்ல பாருங்க." முக்கியமான விஷயம்தான், இன்றைய கேள்வி அல்ல. "பிறகு பேச" தாளில் எழுதுங்கள். ஆனால் எழுதியதை மறந்துவிட்டால் அடுத்த கூட்டத்தில் அந்தத் தாளை யாரும் நம்ப மாட்டார்கள். முடியும்போது அதில் உள்ள ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு, எப்போது என்று சொல்லியாக வேண்டும்.

ஒரே நேரத்தில் நான்கைந்து கைகள் உயர்ந்தால் வரிசையை உரக்கச் சொல்லுங்கள்: "முதல்ல 2பி, அப்புறம் 4ஏ, அப்புறம் 1சி." தன் முறை வரும் என்று தெரிந்தவர் குறுக்கே பேசுவதில்லை. சண்டை மூண்டால் நீங்களும் குரலை உயர்த்த வேண்டாம். எழுந்து நின்று, இருவருக்கும் நடுவே நடந்து போய், "ரெண்டு பேரும் என்னைப் பார்த்துச் சொல்லுங்க" என்றால் வேகம் பாதியாகும். அப்படியும் அடங்காவிட்டால் ஐந்து நிமிடம் டீ. கேள்வி கேட்டுவிட்டு யாரும் பதில் சொல்லாவிட்டால் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பொதுவாக ஏழு எட்டுக்குள் யாராவது வாய் திறப்பார்கள்.

எப்படி முடிவெடுப்பது

முடிவெடுக்கும் முறையைப் பேச்சு தொடங்கும் முன்பே சொல்லுங்கள், முடிவு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்த பிறகு அல்ல. பின்னால் சொன்னால், ஓட்டெடுப்பு என்றாலும் ஒருமித்த கருத்து என்றாலும் யாருக்கோ சாதகமாக வளைத்தது போலிருக்கும்.

"யாருக்கும் ஆட்சேபம் இல்லையே? சரி, பாஸ்" என்பதுதான் நம் சங்கங்களில் அதிகம் நடக்கும் முறை, அதிகம் பொய் சொல்வதும் அதுதான். மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டால், படியிறங்கும்போதே ஆட்சேபம் தொடங்கும். அதற்குப் பதில் விரல் கணக்கு வைத்துப் பாருங்கள். முன்மொழிவை முழு வாக்கியமாக எழுதி, மூன்று எண்ணியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் கையைக் காட்ட வேண்டும். ஐந்து விரல் என்றால் முழு ஆதரவு. மூன்று என்றால் முழுத் திருப்தி இல்லை, ஆனாலும் கூட வருவேன். ஒன்று, இரண்டு என்றால் பெரிய தயக்கம். மூடிய கை என்றால் இது நடக்கவே கூடாது. ஒரே நேரத்தில் காட்டுவது முக்கியம். ஒருவர் பின் ஒருவராகக் காட்டினால் பக்கத்துக் கையைப் பார்த்து விரல் கூடும், குறையும்.

மூன்றுக்குக் கீழே காட்டியவரிடம் ஏன் என்று கேட்டால் காரணத்தை அடுக்குவார், மறுபடி வாதம் பிறக்கும். "என்ன மாத்தினா உங்களுக்கு மூணு ஆகும்?" என்று கேளுங்கள். நமது கூட்டத்தில் வரக்கூடிய பதில்: "மூணு மீட்டர் செலவு தாங்காது. முதல்ல ஒரு பிளாக்ல மட்டும் ஆறு மாசம் பாருங்க." முன்மொழிவு மாறுகிறது, திரும்ப விரல். இரண்டு சுற்றுக்கு மேல் வேண்டாம். அதற்குப் பிறகும் நிற்கும் எதிர்ப்பைக் குறிப்பில் பதிந்துவிட்டு, சங்க விதி சொல்லும் பெரும்பான்மைப்படி ஓட்டெடுங்கள். பணம், விதித் திருத்தம், பதவித் தேர்தல் ஆகியவற்றில் விதிப்படியான ஓட்டு எப்படியும் வேண்டும். அங்கே விரல் கணக்கு ஒரு முன்னோட்டம்தான்.

போதிய தகவல் இல்லை என்று தெரிந்தால் தள்ளிப்போடுவதும் ஒரு முடிவுதான், எதற்காகக் காத்திருக்கிறோம் என்று எழுதினால். "ஒவ்வொரு பிளாக்கிலும் எத்தனை குழாய் இறங்குகிறது என்று பிளம்பரை வைத்து எண்ணி, 15ஆம் தேதிக்குள் புதுக் கொட்டேஷன், பொறுப்பு 3சி." இது தள்ளிப்போடல். "அடுத்த மீட்டிங்ல பாத்துக்கலாம்" என்பது கைவிடல்.

மினிட்ஸ் எழுதும்போதும் இதே கண்டிப்பு வேண்டும். "ஆவன செய்யப்படும்" என்று எழுதினால் செய்பவர் யாரும் இல்லை. யார், எதை, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் இல்லாத வரியைத் தீர்மானமாக எழுதாதீர்கள். "கமிட்டி" என்று பொறுப்பாளர் இடத்தில் போடவும் கூடாது. அங்கே ஒரு வீட்டு எண் வேண்டும். அந்த வரிகளைக் கலைவதற்கு முன் உரக்க வாசியுங்கள். வராதவர் தலையில் வேலையைக் கட்டியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். மறுநாளுக்குள் குழுவில் போடுங்கள். ஒரு வாரம் கழித்துப் போட்டால் ஆளுக்கொரு நினைவு.

இணையவழிக் கூட்டத்துக்கும் இவை எல்லாம் பொருந்தும், இரண்டு மாற்றத்தோடு. நேரத்தைப் பாதியாக்குங்கள். பொதுவாகக் கேட்காமல் பெயர் சொல்லி, முன்பே அறிவித்த வரிசையில் கூப்பிடுங்கள். பாதிப் பேர் ஹாலிலும் நான்கு பேர் வெளிநாட்டிலிருந்து திரையிலும் இருக்கும் கலப்புக் கூட்டம்தான் மிகக் கடினம். ஹாலில் பேசுவது பாதி அவர்களுக்குக் கேட்காது, அவர்கள் கை உயர்த்துவது இங்கே யாருக்கும் தெரியாது. திரையை மட்டும் கவனிக்க ஹாலில் ஒருவரை உட்காரவையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் திரையில் இருப்பவர்களை முதலில் கேளுங்கள். விரல் கணக்கின்போது அவர்கள் எண்ணை சாட்டில் தட்டட்டும், ஆனால் மூன்று எண்ணி முடித்த பிறகுதான் அனுப்ப வேண்டும்.